ஓல்சனுக்கும் குவினுக்கும் நடுவே

ஹார்லன் கிராஸிங்,
சஸ்காச்சுவான்.
12 நவம்பர் 1999

அன்பும் மரியாதையும் மிகுந்த தெல்மா அக்காவுக்கு,

தம்பி ஆர்வில் எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். விக்டோரியாவில் நவம்பரிலும் ரோஜா பூக்கிறது என்று எழுதியிருந்தாய். பூக்கட்டும். இங்கே நேற்று மைனஸ் இருபத்திரண்டு.

நிற்க. கஸ் சித்தப்பாவின் பெயர் கல்லில் ஏறப்போகிறது. மெய்யாகவே. உட்கார்ந்து படி.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். நம் பண்ணையில் வீடு ஹார்லன் எல்லையில், மாட்டுக்கொட்டகை பக்கத்து ஊரான டெல்மார் எல்லையில். நம் சித்தப்பா இருபத்திரண்டு வயதில் உலகப்போரில் ஹாலந்தில் செத்தார், அங்கேயே புதைத்தார்கள், யாரோ ஒரு டச்சுக் குடும்பம் வருஷா வருஷம் அந்தக் கல்லறைக்குப் பூ வைக்கிறது. போர் முடிந்து இரண்டு ஊரிலும் நினைவுத்தூண் எழுப்பியபோது எதிலும் அவர் பெயரை வெட்டவில்லை. "ரயில் ஏறினது டெல்மார்ல, அவங்க ஆளு" என்றது ஹார்லன். "தபாலெல்லாம் ஹார்லனுக்குத்தானே வந்துச்சு, அவங்க ஆளு" என்றது டெல்மார். அதெல்லாம் வெளியே சொன்ன காரணம். ஹார்லனின் உள்காரணம் 1941இல் இரண்டு ஊரும் மோதிய ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம். டெல்மாரின் கோலிக்கு, அதாவது கோல் காப்பவனுக்கு, அம்மை போட்டுவிட்டது என்று நம் சித்தப்பா அவர்களுக்காக வலைக்கு முன்னால் நின்று, சொந்த ஊர்க்காரன் அடித்ததையெல்லாம் தடுத்துத் தொலைத்தாரே, அதுதான். அன்றைக்கு அடித்து அடித்து ஓய்ந்த கிளாரன்ஸ் மக்ஃபிதான் ஐம்பது வருஷமாக இங்கே படைவீரர் மன்றத் தலைவர், பெயர்ப்பட்டியல் வாசிப்பவரும் அவரே. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

நான் பட்டபாடு கேள். அக்டோபர் கூட்டத்துக்கு, சித்தப்பாவின் படைச்சீட்டு, பள்ளிச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு எல்லாவற்றையும் கோப்பில் கட்டிக்கொண்டு மன்றத்துக்குள் நுழைந்தேன். பேச வேண்டியதையே மனதில் உருப்போட்டுக்கொண்டு போனதில் தொப்பியைக் கழற்ற மறந்துபோனேன். போர்வீரர் கூடத்தில் தொப்பியோடு நுழைந்தால் என்ன தண்டனை என்று உனக்கா சொல்ல வேண்டும்? டாணென்று மணி அடித்தார்கள். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் நான் பீர் வாங்கித் தர வேண்டியதாயிற்று. "ஆர்வில், உன்னை மாதிரி ஒரு மனுசன் உண்டாப்பா!" என்று எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். குடித்து முடித்ததும் கூட்டமும் முடிந்தது. கோப்பின் கயிற்றை யாரும் பிரிக்கவே இல்லை.

சரி, இனிமேல் கேட்டுப் பயனில்லை, நேற்று போர் நினைவு நாளில், பதினோரு மணிக்குப் பெயர் வாசிக்கும்போது, தூணடியில் நானே கத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அக்கா, நீ பதினெட்டு வயதில் கல்யாணமாகிப் போய்விட்டாய், நீ பார்க்கவில்லை. அப்பா வருஷா வருஷம் கடைசி வரிசையில் நிற்பார். ஆங்கில எழுத்து வரிசைப்படி ஓல்சன் பெயர் வந்ததும் தலையை நிமிர்த்துவார். அடுத்தது குவின். தலை தொங்கிவிடும். சாகிற வருஷம்கூட நிமிர்த்தினார். அந்த இடைவெளியில் பெட்டர்சன் என்ற நம் பெயர் ஒரு தடவையாவது கேட்காமல் நான் சாகப்போவதில்லை.

நேற்று குளிரில் ஊதுகொம்பு உறைந்துபோய் டேப்பில் பாட்டுப் போட்டார்கள். ஊர் நடன வகுப்பு டேப்பாம், "பெண்கள் வலப்பக்கம் சுற்றுங்கள்" என்றது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கிளாரன்ஸ் வாசிக்க ஆரம்பித்தார். ஓல்சன் வந்தது. வாயைத் திறக்கிறேன், திறக்கவில்லை! மூச்சு பட்டுப் பட்டுக் கழுத்துத்துணி மீசையோடு சேர்ந்து உறைந்துவிட்டது. நான் பிடித்து இழுக்க இழுக்கக் குவின் போனார், ராஸ் போனார், வாலஸ் போனார், பட்டியலே முடிந்து இரண்டு நிமிட மௌனமும் ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் துணி பாதி மீசையோடு பிய்ந்து வந்தது. அடக்கி வைத்திருந்த சத்தம் அத்தனையும் வெளியே குதித்தது.

"பெட்டர்சன்! கஸ்டாவ்!"

மௌனத்தில், அக்கா! தானியக் கிடங்கில் பட்டு எதிரொலித்தது. ஒரு குழந்தை அழுதது. எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. கிளாரன்ஸ் என்னையே பார்த்தார், ஆனால் கைக்கடிகாரப்படி கடைசி நொடி வரை அசையவில்லை. பிறகு ஒலிபெருக்கி முன் வந்தார்.

"இன்னொரு தடவை வாசிக்கப்போறேன். எவனும் நகரக் கூடாது."

பத்தொன்பது பெயரையும் முதலிலிருந்து வாசித்தார். ஓல்சன் என்றார். நிறுத்தினார். பட்டியலில் எழுதாத பெயரைப் பார்க்காமலே சொன்னார்: "பெட்டர்சன், கஸ்டாவ். கோலி." அப்புறம்தான் குவின். நான் அழுதேன். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது, வெட்கமாக இல்லை.

பின்பு மன்றக் கூடத்தில் கிளாரன்ஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏழு தடவை அடிச்சேன்டா, ஏழையும் தடுத்துட்டான். போருக்குப் போயிட்டு வரட்டும், சட்டையைப் பிடிச்சுக் கேக்கணும்னு இருந்தேன். நான் வந்தேன், அவன் வரல. கோவத்த யார்கிட்ட காட்டுறது? கல்லுகிட்ட காட்டினேன்."

"அம்பது வருசமாவா, கிளாரன்ஸ்?"

"ஆமாடா. நீ மொதல்ல தொப்பிய எடு."

மறுபடியும் எல்லோருக்கும் பீர். இந்த முறை மணியடித்தது அவர், பெயரைக் கல்லில் வெட்டும் உத்தரவில் கையெழுத்தும் அவரே போட்டார். வசந்தத்தில் பனி உருகியதும் கல்தச்சர் வருகிறார். ஆகவே என் சண்டை முடிந்தது. இனி யாரிடமும் வாக்குவாதம் கிடையாது, கோப்பு முழுவதையும் அடுப்பில் போட்டுவிட்டேன், மிச்ச காலம் நிம்மதியாக ஜன்னலோரம் உட்காரப்போகிறேன். அத்தானுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். கடவுள் உங்கள் எல்லோரையும் ரோஜாக்களோடு காக்கட்டும்.

என்றும் உன் தம்பி,
ஆர்வில் பெட்டர்சன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது டெல்மார் தலைவர் போன் செய்தார். செய்தி அங்கே போய்விட்டதாம். "அவன் எங்க கோலி! ஹார்லன்காரன் கைய வைக்கக் கூடாது, அவன் பேர நாங்கதான் கல்லுல வெட்டுவோம்" என்கிறார். கிளாரன்ஸிடம் சொன்னேன், கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், வாசலில் ஹாரன் அடிக்கிறார். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும், நம் ஆளுக்காக இரண்டு ஊர் அடித்துக்கொள்கிறது. கோப்பு எரியவில்லை, அடுப்புக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். நீ உடனே புறப்பட்டு வா, நீ போட்டால்தான் சத்தம் எடுபடும்.