எட்டரை வோல்ட் விடியல்

டார்ச் திருத்திகள் என்று ஓர் இனம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? எரிகிற டார்ச்சைக் கண்டால் இவர்களுக்குப் பொறுக்காது. மஞ்சளாக அழுது வடிந்தாலும் கொல்லைக்குப் போய்வர வழிகாட்டிக்கொண்டிருக்கும் பழைய டார்ச்சைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, குண்டு பல்பைத் தூக்கி எறிந்து, அந்த இடத்தில் எல்.இ.டி. மாட்யூலைத் திருகி, "இப்ப பாருங்க!" என்பார்கள். பார்க்கலாம்தான். பேட்டரி எங்கே?

பிலிப்பைன்ஸில் லகுனா ஏரிக்கரையில், தண்ணீருக்குள் கால் நட்ட வீட்டில் வாழும் அர்செனியோ இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி. வீட்டில் பதின்மூன்று டார்ச். பதின்மூன்றிலும் புது மாட்யூல். ஒன்றும் எரியாது. ஒன்றுக்கு மூன்று வோல்ட் வேண்டும், கையில் இருப்பதோ நாலு சொச்சம். இன்னொன்றில் பிளஸ், மைனஸ் தலைகீழ். மற்றொன்றில் பேட்டரி ஒல்லி என்று அட்டையைச் சுற்றி, அடியில் ஒரு சென்டாவோ காசையும் முட்டுக்கொடுத்ததில், குலுக்கினால் சத்தம் வருகிறதே தவிர வெளிச்சம் வருவதில்லை. கரண்ட் போனால் மனைவி டிதாஸ் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அரிசி களைகிறாள். கேட்டால், "அவசரப்பட்டா மாட்யூல் செத்துடும், டிதாஸ்" என்பார். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் அப்படிப் பதறியதில்லை.

அக்டோபரில் புயல் வந்தது. மாலை ஆறு மணிக்கே கும்மிருட்டு. கரண்ட் போயிற்று, மெழுகுவத்தியைக் காற்று நிற்கவிடவில்லை, ஏரி படியேறத் தொடங்கியது. பக்கத்து வீட்டு பென்தோங் முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தார். அவருடைய சண்டைச் சேவல் ஜெனரல், கயிற்றை அறுத்துக்கொண்டு இந்த வீட்டுக்கு அடியில் எங்கேயோ புகுந்துவிட்டது.

"ஒரு டார்ச்சு குடு செனியோ! தண்ணி ஏறுது, செத்துரும்டா!"

"உங்க டார்ச்சு என்ன ஆச்சு, கூயா?" அண்ணனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"போன மாசம் நீதானடா புடுங்கிட்டு வந்த!"

உண்மைதான். பதின்மூன்றில் அது ஏழாவது.

அர்செனியோ பெட்டியைத் திறந்து, தடவித் தடவி விளக்கம் கொடுத்தார். "இது மூணு வோல்ட்டு மாட்யூல், கூயா. ரெண்டு சாதா பேட்டரிதான் தாங்கும். என்கிட்ட இருக்கறது லித்தியம். முழுசா சார்ஜ் ஏத்துனா ஒண்ணு நாலு புள்ளி ரெண்டு. ரெண்டைப் போட்டா..."

"சேவல் முங்குது, நீ கணக்குப் பாடம் நடத்துறியா?" பென்தோங் அழுதேவிட்டார்.

டிதாஸ் பெட்டிக்குள் கையை விட்டாள். கைக்கு அகப்பட்ட டார்ச்சில் கைக்கு அகப்பட்ட இரண்டு லித்தியத்தைத் திணித்து மூடியைத் திருகினாள். "ஐயோ, எட்டரை வோல்ட்டு!" என்று அர்செனியோ பாய்வதற்குள், தரைப்பலகை இடுக்கில் வைத்து அமுக்கிவிட்டாள்.

பட்டப்பகல்! தூண், தண்ணீர், தூணில் ஒட்டிய நத்தை முதற்கொண்டு தெரிந்தது. மூன்றே நொடி. விடிந்துவிட்டதென்று நம்பி ஜெனரல் கூவியது. அதைக் கேட்டு ஊரிலிருந்த அத்தனை சேவலும் கூவின. பேக்கரிக்காரர் எழுந்து காலை ரொட்டிக்கு மாவு பிசைந்ததாகவும் பேச்சு. அப்புறம் டப். புகை. இருட்டு. ஆனால் கூவல் வந்த தூண் தெரிந்துவிட்டதே! பென்தோங் கழுத்தளவுத் தண்ணீரில் போய் ஜெனரலை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீ மகராசிம்மா" என்றார் டிதாஸிடம்.

அர்செனியோ செத்த மாட்யூலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு செகண்டு தாங்கியிருக்கு! தோதான பேட்டரி மட்டும் கெடைச்சிருந்தா..."

"அது கூயாவோட டார்ச்சுங்க" என்றாள் டிதாஸ்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் எட்டரை வோல்ட் என்றதும், 'நடுவுல ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கலாமே' என்று உங்கள் மனசுக்குள் ஓர் ஆள் முணுமுணுத்தாரே, யார் அவர்? உங்கள் மேஜை இழுப்பறையில், பேட்டரி மட்டும் வாங்கவேண்டிய நிலையில் எத்தனை கிடக்கின்றன? சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருடையதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது.