பெண் பார்க்கும் இடத்தில் பில்பி

விலங்கியல் படித்தவனைப் பெண் பார்க்கக் கூட்டிப்போனால், முதலில் அவன் வாயில் கேசரியை அடைத்துவிட வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், சங்கரன்கோவிலில், என் வாயை யாரும் அப்படி அடைக்கவில்லை.

பெண்ணின் அப்பா வீட்டோடு விசைத்தறி வைத்திருந்தார். பெண்ணைப் பார்த்த கணமே எனக்குப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் என்னைப் பிடித்துவிட வேண்டுமே என்று ஒரே பதற்றம். "தம்பி, காலேஜ்ல என்ன பாடம் எடுக்கீய?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நானோ, அழிந்துவரும் இரண்டு ஆஸ்திரேலிய உயிர்களை ஒப்பிட்டு ஒரு முழு வகுப்பே எடுத்துவிட்டேன்.

ஒன்று பில்பி, முயல் காதும் வயிற்றில் பையும் உள்ள சின்னப் பிராணி. மற்றது புதருக்குள் வாழும் ஒரு பாட்டுக்குருவி. பில்பியை நரி தின்கிறது. குருவியின் புதரைக் காட்டுத்தீ தின்கிறது. "பில்பிக்குப் பை பின்பக்கமாத் திறக்கும். அம்மா வளை தோண்டும்போது குட்டி மேல மண்ணு விழாது! குருவி ஒரே ஒரு முட்டைதான் இடும். அதுக்காக அம்மா தனியாவே கூடு கட்டி, அடைகாத்து, இரை ஊட்டும்!" என்றேன். (இப்போது சொல்லும்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. அன்றும் புல்லரித்தது எனக்கு மட்டும்தான்.)

தலை குனிந்திருந்த பெண் நிமிர்ந்தாள். "ரெண்டுலயும் அம்மைக்குத்தான் வேலையா? அப்பன் என்ன செய்யுது?"

"பில்பி அப்பன் ஒண்ணும் செய்யாது. குருவி அப்பன் பாடும். பிரமாதமா பாடும்!"

நிலைமையைக் காப்பாற்ற நினைத்த என் தாய்மாமா, வழக்கப்படி, "சரி, பொண்ணு ஒரு பாட்டு பாடட்டுமே" என்றார்.

"பாடுதது ஆம்பளதான்னு அவங்கதான சொன்னாங்க. அவங்களே பாடட்டும்" என்றாள் அவள்.

"ஏலே, தறிய நிறுத்துங்கலே!" என்று அவள் அப்பா உள்ளே பார்த்துக் கத்தினார். தறிகள் நின்றன.

எனக்கு முழுதாகத் தெரிந்தது, பள்ளியில் கொடியேற்றும்போது பாடிய பாட்டு மட்டும். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். திறந்தபோது வீடே விறைப்பாக எழுந்து நின்றிருந்தது, மாமா கையில் காப்பி டம்ளரோடு. அவள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"கூறுகெட்ட பயலே, நல்ல சம்பந்தம் போச்சே!" என்று புளியங்குடி பஸ்ஸில் மாமா வழிநெடுகத் திட்டினார். மறுநாள் பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது. சம்மதமாம். ஆனால், "பாட்டெல்லாம் வேண்டாம், பிள்ளையக் குளிப்பாட்டுவாங்களான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க" என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

இரண்டு பிள்ளைகளையும் நான்தான் குளிப்பாட்டினேன். உலகத்தில் நான் வியக்கும் உயிர்களில் பில்பிக்கு இப்போது இரண்டாவது இடம்தான்.

மாமனார் வீட்டு விசேஷங்களில் இன்றைக்கும் நான் தொண்டையைச் செருமினால், பந்தியில் பாதிப்பேர் இலையை விட்டு எழுந்து நிற்கிறார்கள்.