விளம்பரம் வரணும் தம்பி

ஸ்ரீரங்கத்தில் யார் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் உள்ளே படுத்திருக்கிறார். இன்னொருத்தர் தோளில் கறுப்புப் பையை மாட்டிக்கொண்டு வீதி வீதியாக நடந்தார். அவர்தான் தொடப்பம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரிலும் போனிலும் வந்து விழுகிற விளம்பரங்களைப் பெருக்கித் தள்ளுகிற சாஃப்ட்வேரை வருஷ சந்தாவுக்கு விற்பவர், அதனால் தொடப்பம். நேரில் மட்டும் ‘சார்’ போடுவோம். அதற்கு முன்னால், லோக்கல் கேபிள் டிவியில் படத்துக்குக் கீழே விளம்பரம் ஓடுமே, அதைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட்.

“கதாநாயகி செத்துக்கிட்டு இருப்பா. அவ கழுத்து மேல ஜட்டி விளம்பரத்தை ஓட விட்டவன் தம்பி நான். அந்தப் பாவத்தைத்தான் இப்ப கழுவுறேன்” என்பார்.

நான் வடக்குச் சித்திரை வீதிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதைத் திரும்பத் திரும்பப் படித்தவன். அந்த வகுப்பில் வாத்தியாரைவிட எனக்கு சர்வீஸ் அதிகம். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், அணைத்துவிட்டு மறுபடி போடுவது. வெயிலுக்கு ஒதுங்க தொடப்பம் என் கடைக்கு வருவார். அப்படித்தான் பழக்கம்.

மற்ற ஏஜென்ட்டுகள் ‘வேகம் கூடும், டேட்டா மிச்சமாகும்’ என்று நோட்டீஸ் கொடுப்பார்கள். இவர் ஜோசியம் பார்ப்பார். போனை வாங்கி, அதில் என்னென்ன விளம்பரம் வருகிறது என்று மெதுவாகத் தள்ளிக்கொண்டே போவார். அப்புறம் கிசுகிசுப்பான குரலில் ஆரம்பிப்பார்.

ஒருமுறை உத்தர வீதியில் ஒரு மாமா வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போனார்.

“சாமிக்கு முட்டி வலி. பையன் கனடாவுக்குக் கூப்பிடுறான், உங்களுக்குப் போக இஷ்டமில்ல. மாமிக்குத் தெரியாம கோயம்புத்தூர்ல முதியோர் குடியிருப்பு விசாரிச்சிருக்கீங்க.”

மாமாவுக்கு முகம் வெளுத்துப்போச்சு. “அடியேன் ஆத்துலயே யார்ட்டயும் சொல்லலையே! ஒமக்கு யார் சொன்னா?”

“நீங்கதான் சாமி சொன்னீங்க. இதுகிட்ட” என்று போனைத் தொட்டுக் காட்டினார்.

கையில் காபியோடு மாமி பின்னால் நின்றிருந்தார். காபி அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டது.

பெரியகடை வீதியில் பாத்திரக்கடை பாய் ஒருத்தர். “முடி நடுறதுக்கு விசாரிச்சீங்களா பாய்?” என்று கேட்டார். பாய் தொப்பியைக் காது வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டு சந்தாவைக் கட்டினார்.

என் கடைக் கம்ப்யூட்டரையும் பார்த்தார். வரன் தேடல், மூலம், நீட் கோச்சிங், ஆட்டுத் தீவனம் என்று அது பாட்டுக்கு ஓடியது. “இது ஆளு இல்ல தம்பி, சத்திரம்” என்று தள்ளி வைத்துவிட்டு என் போனை வாங்கினார்.

“முப்பது நாள்ல இங்கிலீஷா?”

“ஆமா சார். மூணு வருஷமா அந்த முப்பது நாள் ஓடிக்கிட்டு இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. என்னைத் தாண்டி, என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். யாரிடம் விற்கப் போனாலும் கடைசியில் இதைத்தான் செய்வார்.

“உங்க பின்னாடி ஒருத்தன் நிக்கிறான்னு வச்சுக்கோங்க. மூஞ்சி கிடையாது. தூக்கம் கிடையாது. நீங்க எதைப் பாக்குறீங்களோ அதையே அவனும் பாக்குறான். எதுல உங்க கண்ணு ஒரு நொடி கூடுதலா நிக்குதோ, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிறான். நீங்க செத்தாலும் அவன் மறக்க மாட்டான்.”

கேட்ட அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். பட்டப்பகலில், நாலு பேர் ஆதார் அட்டையோடு வரிசையில் நிற்கும்போது, நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் லேமினேஷன் மிஷின்தான் இருந்தது. ஆனாலும் நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அப்புறம் தொடப்பம் ஒரு பொத்தானை அழுத்துவார். திரை வெளேரென்று ஆகிவிடும். அந்தப் பயத்துக்கு நானும் ஒரு வருஷம் சந்தா கட்டினேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனி புதுசாக ஒரு குடும்பத் திட்டம் கொண்டுவந்தது. ஒருத்தர் சேர்ந்தால் போதும், அதே கணக்கில் வீட்டில் இருக்கிற எல்லா போனும் கம்ப்யூட்டரும் தானாகச் சுத்தமாகிவிடும். ஏஜென்ட் முதலில் தன் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தத் திரையைத்தான் ஊருக்குக் காட்ட வேண்டும். தொடப்பம் என் கடையில் உட்கார்ந்தே போட்டார். ‘உங்கள் குடும்பம் முழுவதும் துடைக்கப்பட்டது’ என்று வந்தது. கம்பெனிக்காரன் தமிழ் அந்த லட்சணம். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மறுநாள் காலை, கடைக் கதவை நான் தூக்குகிறேன், வாசலில் நிற்கிறார். தலை வாரவில்லை. தோளில் பை இல்லை. ஒரு பழைய லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“தம்பி, இதுல விளம்பரம் வரணும்.”

“சார், நீங்களா சொல்றீங்க?”

“வரணும் தம்பி. எப்படியாவது வர வைங்க.”

அவருக்கு மனைவி இருந்தார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ருக்மணி. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய அந்த லேப்டாப்பை மட்டும் தொடப்பம் பெருக்கவே இல்லை. தினமும் சாயங்காலம் திறந்து வைப்பாராம். அந்த அம்மாவுக்குப் பிடித்த நிறத்தில் புடவை வரும். தைராய்டு டெஸ்டுக்குத் தள்ளுபடி வரும். பழைய மாத்திரை தீர்ந்துபோச்சா என்று அதுவே கேட்கும்.

“அதுக்கு மட்டும்தான் தம்பி அவ செத்தது தெரியாது. நேத்து நானே துடைச்சுட்டேன்.”

என் வைத்தியத்தைச் செய்தேன். அணைத்துவிட்டுப் போட்டேன். குடும்பத் திட்டத்தை எடுத்துவிட்டோம். விளம்பரம் வந்தது. ஆனால் சிமெண்ட் வந்தது, கிரிக்கெட் மட்டை வந்தது, டிராக்டர் வந்தது.

“டிராக்டரா? அவ சைக்கிள் பின்னாடி உக்காரவே பயப்படுவா!” என்று திரையைப் பார்த்துச் சண்டை போட்டார். பழைய ஞாபகம் மொத்தமும் போயிருந்தது. அதற்கு அந்த அம்மா யாரென்றே தெரியவில்லை.

“சார், அண்ணி என்னென்ன தேடுவாங்களோ அதையெல்லாம் நாமளே தேடுவோம். இப்படி ஒரு ஆள் இருக்காங்கன்னு அது நம்பட்டும்.”

ஆரம்பித்தோம். பருத்திப் புடவை. தைராய்டு உள்ளவர்கள் முட்டைக்கோஸ் சாப்பிடலாமா. குக்கர் கேஸ்கெட். நைட்டி.

“சைஸ் கேக்குது சார்.”

“எக்ஸெல்.” நான் எக்ஸெல்லைத் தொட்டேன். “இல்ல… கடைசில ரொம்ப மெலிஞ்சுட்டா. எம் போடுங்க.”

அந்த நேரம் பார்த்து லேமினேஷனுக்கு ஒரு மாமி வந்தார். ரெண்டு மீசைக்காரர்கள் தலையை முட்டிக்கொண்டு நைட்டி பார்ப்பதைப் பார்த்தார். “நன்னா இருக்கு போங்கோ!” என்று நீட்டிய அட்டையை உருவிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஊரில் மிச்சமிருந்த மரியாதை, அந்த மாமி தெருமுனையைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.

நாள்கள் போயின. ஒரு மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லை. தொடப்பம் ஏதோ சமையல் குறிப்பைத் தள்ளிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

திரை ஓரத்தில் ஒரு தையல் கத்தரி. இடதுகைக்காரர்களுக்கானது என்று போட்டிருந்தது. கீழே, ‘நீங்கள் விட்டுச் சென்றது இன்னும் இங்கேயே இருக்கிறது.’

“தம்பி, அவ இடது கைக்காரின்னு உங்ககிட்ட சொன்னேனா?”

“இல்ல சார்.”

“கத்தரின்னு டைப் பண்ணோமா?”

“இல்லயே சார்.”

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. என் காதில் அது ரொம்ப தூரத்தில் கேட்டது. பிற்பாடு துவாக்குடி காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிற ஒரு பெண், பழைய கணக்கு எங்காவது ஒட்டிக்கொண்டு இருந்திருக்கும் என்று விளக்கினாள். விளக்கம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிமிஷம் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் யாரோ குனிந்து பார்ப்பதுபோல் இருந்தது. அன்றைக்கு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“வந்துட்டா” என்றார் தொடப்பம், அதே கிசுகிசுப்பில். “இதை வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அப்புறம் பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன்.”

“இப்ப வாங்கிடலாமா சார்?”

பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம் தம்பி. வாங்கிட்டா, தேடி வர்றது நின்னுடும்.”

போன மழைக்காலத்தில் தொடப்பத்துக்குப் படியில் வழுக்கி இடுப்பில் அடி. இப்போது எடமலைப்பட்டி புதூரில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் குடும்பத் திட்டம், விற்றதே இவர்தான். அதனால் லேப்டாப்பை என் கடையில் விட்டுவிட்டுப் போனார். “அங்க கொண்டுபோனா துடைச்சுடுவாங்க. நீங்க வச்சுக்கோங்க தம்பி.”

நான் வைத்திருக்கிறேன். வேலை ஓய்ந்த நேரத்தில் திறந்து புடவை பார்க்கிறேன், முட்டைக்கோஸ் சாப்பிடலாமா என்று கேட்கிறேன், கத்தரி வந்தால் தொட்டுவிட்டு வாங்காமல் வருகிறேன். “யாருக்குய்யா இந்தப் புடவை?” என்று என் வீட்டுக்காரி கேட்டாள். சொன்னேன். இப்போது அவளும் பக்கத்தில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமையானால் போன் வரும். “தம்பி, இந்த வாரம் என்ன வந்துச்சு?”

“மயில்கழுத்துக் கலர்ல ஒண்ணு வந்துச்சு சார். அரக்குக் கரை.”

“ஆங்… அது அவளுக்கு நல்லா இருக்கும்” என்பார்.

ஒன்றுமே வராத வாரங்களிலும் நான் ஒரு கரையின் நிறத்தைச் சொல்லாமல் போனை வைத்ததில்லை.