பின்னணி ஒழிப்புக் குழு

நைல் நதிக்குக் குறுக்கே அணை கட்டினோம் என்று மார்தட்டுகிறவர்கள், கெய்ரோவில் கால்வாய்ப் பதிவுத் துறையின் மூன்றாம் மாடியில் ஒரு வியாழக்கிழமை நடந்ததைப் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். நதியைத் தடுப்பது என்ன பெரிய வித்தை? தண்ணீருக்குச் சிபாரிசு கிடையாது. அந்த மாடியின் ஒரே கணினியில், பின்னணியில் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த செயலிகளுக்கோ ஒவ்வொன்றுக்கும் ஆள் இருந்தது.

அந்தக் கணினியில் வேலை பார்த்தவள் நஷ்வா. மற்றவர்களும் அங்கே வேலையில்தான் 'இருந்தார்கள்'. பார்ப்பது மட்டும் நஷ்வாவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவள் கணவனும் சின்ன மகளும் இஸ்மாயிலியாவில். வாரக் கடைசியில் பஸ் பிடித்துப் போவாள். மகள் தூங்கிய பிறகு கிளம்பி, வழியெல்லாம் அழுதுகொண்டே திரும்பி வருவாள். இப்போதுதான் இஸ்மாயிலியா கிளைக்கு மாற்றல் கிடைத்திருந்தது. விடுவிப்பு ஆணையை அச்சடித்து, இயக்குநரின் கையெழுத்தும் கீழ்த்தளத்தில் அரசின் கழுகு முத்திரையும் வாங்கி, அன்று அலுவலகம் மூடுவதற்குள் கீழே கொடுத்துவிட வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஆணையைத் திறக்க அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது. தேநீர் வந்தது, ஆறியது, ஆறியதைப் பக்கத்து மேசை ரம்ஸி எடுத்துக் குடித்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பொறுக்க முடியாமல் இயக்குநர் பஹ்கத்திடம் போனாள். அவரை எல்லோரும் பாஷா என்றுதான் கூப்பிடுவார்கள். கணினி அவருக்குச் சுத்தமாக வராது என்பது ஊரறிந்த விஷயம். மௌஸைப் புறா பிடிப்பது போல் இரண்டு கையாலும் பிடிப்பார்.

"பாஷா, பின்னால ஏகப்பட்ட ஆப் ஓடுது. தேவையில்லாதத நிறுத்திட்டா மெஷின் சரியாயிடும். நிறுத்திடட்டுமா?"

"எது தேவை, எது தேவையில்லன்னு நீயும் நானும் முடிவு பண்ண முடியுமா, மகளே? நாளைக்கு எவனாவது கேட்டா? குழு போட்டுடுவோம்."

'பின்னணி ஒழிப்புக் குழு' உடனடியாகக் கூடியது. உஸ்தாத் ரம்ஸி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். எதிர் மேசை மேடம் தஹானி, வீட்டுக்கு ஆய வேண்டிய முலுக்கியாக் கீரையை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். நஷ்வா பட்டியலைத் திறந்தாள்.

"இது ரெண்டும் கால்பந்து ஸ்கோர் சொல்றது. ஒண்ணு சிவப்பு டீமுக்கு, ஒண்ணு வெள்ளை டீமுக்கு."

"வெள்ளைய நிறுத்து," என்றார் ரம்ஸி. "தோத்துட்டோம்னு சொல்றதுக்கு ஒரு ஆப்பா?"

"எங்க வீட்டுக்காரர் வெள்ளை," என்றார் தஹானி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் உக்காந்திருந்த கூட்டத்துல அத நிறுத்தினாங்கன்னு தெரிஞ்சா, இந்தக் கீரையோட எங்கம்மா வீட்டுக்குத்தான் போகணும்."

தேச ஒற்றுமை கருதி இரண்டும் தொடரும் என்று தீர்மானிக்கப்பட்டது.

"இது ரமதான் சீரியல் ஆப். மேடம், ரமதான் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு!"

"ஏன், அடுத்த வருஷம் ரமதான் வராதா?"

அதுவும் தொடரும்.

"இது ஜெர்மனில ஸ்டுட்கார்ட்டுங்கற ஊரோட வானிலை."

"என் பையன் அங்கதான் இருக்கான்," என்றார் பாஷா. "மழையில நனையறானான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"போன் பண்ணிக் கேக்கலாமே, பாஷா?"

"எடுக்க மாட்டேங்கறானே, மகளே."

நஷ்வாவுக்கே நெஞ்சு கலங்கிவிட்டது. தொடரும்.

"சரி, இது பண்டிகை வாழ்த்து அனுப்பற ஆப். யாருக்கும் எதையும் அனுப்பினதா தெரியல."

ரம்ஸி குரலைத் தாழ்த்தினார். "ஐயோ, அதத் தொடாத. துணை அமைச்சரோட மச்சான் பையன் வந்து போட்டது."

"வேலையே செய்யலையே, உஸ்தாத்!"

"செய்யலன்னா என்ன? யாரு வெச்சதுன்னு பாரு. என்னையும் அந்தத் துணை அமைச்சர்தான் வெச்சாரு. என்னை நிறுத்திட்டாங்களா?"

நஷ்வா சுவர்க் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பாஷா கனிவோடு அவளைப் பார்த்தார். "குழுன்னு கூடிட்டா எதையாவது நிறுத்தித்தான் ஆகணும். அத நாங்க பாத்துக்கறோம். நீ போய் முத்திரைக்காரரப் பிடிச்சு வை, அவர் சீக்கிரமே நழுவிடுவாரு."

என்ன மனுஷர்! நஷ்வா படிகளில் ஓடினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த முத்திரைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்துவிட்டு மூச்சிரைக்க வந்தபோது, குழு கைதட்டிக்கொண்டிருந்தது. "நிறுத்தியாச்சு!" என்று கீரையை மூட்டை கட்டியபடி தஹானி கிளம்பினார். பஸ்ஸைப் பிடிக்க ரம்ஸியும் கிளம்பினார்.

அழுத்தினாள். கண்மூடித் திறப்பதற்குள் ஆணை திரையில் வந்து நின்றது. அவள் பெயர், கீழே இஸ்மாயிலியா. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அச்சுக்குக் கொடுத்தாள். பிரின்டர் அசையவில்லை. மறுபடி கொடுத்தாள். பட்டியலைப் பார்த்தாள்.

"பாஷா! பிரின்ட் எடுக்கறதயே நிறுத்திட்டீங்களே!"

"அதுவா? அதுக்குப் பரிஞ்சுதான் யாருமே பேசல, மகளே. ஸ்கோர் சொல்லல, வாழ்த்து சொல்லல, ஒரு மூலைல சத்தமில்லாம கிடந்துச்சு."

"பரவாயில்ல, நான் திரும்ப ஓட விட்டுடறேன்." அழுத்தினாள். கணினி கடவுச்சொல் கேட்டது. இதுவரை அது அவளிடம் எதையும் கேட்டதே இல்லை.

"கையால எழுதித் தரேன், பாஷா. ஒரே ஒரு கையெழுத்து!"

"கையெழுத்துப் பிரதி செல்லாதுன்னு சுற்றறிக்கை வந்துச்சே? நீதான டைப் அடிச்ச?" என்றபடி பாஷா பக்கத்தில் வந்து மௌஸைப் பிடித்தார். ஒரே கையால். "வெறுமனே நிறுத்தினா, மெஷின மூடித் திறந்ததும் அது பாட்டுக்கு வந்துடும். அதான் அடியோட முடக்கி, பாஸ்வேர்டும் போட்டு வெச்சேன். வெள்ளி, சனி லீவு. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் திறந்ததும் குழு கூடட்டும், பாப்போம்."

நஷ்வா அவர் கையையே பார்த்தாள். "உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா, பாஷா?"

"மெல்லப் பேசு. தெரியும்னு தெரிஞ்சா என்னை வேலை செய்யச் சொல்லிடுவாங்க." அவள் தலையைப் பாசத்தோடு தட்டிக்கொடுத்தார். "நீயும் போயிட்டா இங்க யாரும்மா இருக்கா, சொல்லு?"

கீழே முத்திரைக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு கதவுகளைச் சாத்தும் சத்தம் கேட்டது. நஷ்வா போனை எடுத்து, மகளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பப் பைக்குள்ளேயே போட்டாள்.

குழுவின் சாதனையை யாரும் குறைத்துப் பேசிவிட முடியாது. கணினி இன்றுவரை பறக்கிறது. அன்று அந்த மாடியில் நிறுத்தப்பட்டவை இரண்டே இரண்டு: ஒன்று அச்சடிக்கும் செயலி, இன்னொன்று நஷ்வா. அந்த மாடியில் வேலை செய்துகொண்டிருந்தவையும் அவை இரண்டுதான்.