தலைகீழாய்த் தொங்கிய மாப்பிள்ளை

தை மாதம். அனலைதீவில் ஒரு கலியாணம். போய்ப் படம் பிடித்துக்கொண்டு வரவேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

ஊர்காவற்றுறையில் நான் படம் பிடிக்கிற கடை திறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கொழும்பில் ஒரு ஸ்ரூடியோவில் ஆறு மாதம் தொழில் பழகினவன் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதில் நாலு மாதம் தரை கூட்டினதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கலியாணப் படம் எனக்கு அதுதான் முதல் தடவை. மார்கழி முழுவதும் தீவுகளில் கலியாண மேளச் சத்தமே கேட்காது. தை பிறந்ததும் வாடைக்காற்றையும் மழைத் தூறலையும் பாராமல் வீட்டு வளவுகளில் எல்லாம் பந்தல் எழும்பும். அப்படி ஒரு பந்தலுக்குத்தான் பொம்பிளையின் தாய் என்னைக் கூப்பிட வந்தார். கடைக் கதிரையில் இருக்காமல், நின்றபடியே சொன்னார்.

"தம்பி, என்ரை மூத்தவன் மலாயாவிலை. தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு வர அவனுக்கு லீவு குடுக்கேல்லையாம். அவன் கப்பல் ஏறேக்கை பரிமளத்துக்கு எட்டு வயசு. பதினொரு வருசமாப் பிள்ளையின்ரை முகத்தைக் காணேல்லை. ஒரு படம் போதுமாம். முகம் வடிவாத் தெரியவேணுமாம்."

"ஒண்டு என்னம்மா, ஆறு படம் எடுப்பன்!"

வாய் இருக்கிறதே, அது எனக்குக் கைக்கு முதல் வேலை செய்யும்.

கலியாணத்தன்று விடியற்காலை வள்ளம் ஏறினேன். கோட்டு, தொப்பி, மினுக்கிய சப்பாத்து! கமரா ஒரு பெட்டியில். படம் பதியிற கண்ணாடித் தகடுகள் ஆறு, வெளிச்சம் படாமல் தனித்தனி மெல்லிய மரப்பெட்டிகளில், தோளில் தொங்கிய பையில்.

அனலைதீவுக் கரையில் முழங்கால் அளவு தண்ணீர். வள்ளக்கார அண்ணை கமராவைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

"தம்பி, அந்தப் பையையும் தாரும். பாசி வழுக்கும்."

"வேண்டாம் அண்ணை. இது தெரிஞ்ச ஆள் தொட வேண்டிய சாமான்."

தெரிந்த ஆள் மூன்றாவது அடியில் வழுக்கி, கோட்டோடும் தொப்பியோடும் கடலில் இருந்தார்.

பையைத் தூக்கிப் பிடித்ததில் நாலு தகடு தப்பியது. இரண்டு உப்புத் தண்ணீர் குடித்துவிட்டது. பரவாயில்லை, நாலு இருக்கு என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

கலியாண வீட்டில் எனக்கு இலை போட்டார்கள். இடியப்பமும் சொதியும். கடலில் விழுந்தவன் பசி சும்மா இருக்குமா? நான் நாலாவது முறை சொதி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பெரியப்பா என் பையைத் திறந்திருக்கிறார்.

பெரியப்பா என்றால் பரிமளத்தின் பெரியப்பா. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு எல்லாம் அவர்தான். நல்ல மனிதர். ஆனால் அந்த வளவுக்குள் எது வந்தாலும் தட்டிப் பார்த்து, திறந்து பார்த்து, மணந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். வாழைக்குலையும் ஒன்றுதான், நானும் ஒன்றுதான்.

கை கழுவிவிட்டு வந்தால், என் தகட்டுப் பெட்டி ஒன்றை விரியத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்!

"என்ன தம்பி, உம்மை ஆரோ ஏமாத்திப்போட்டினம். இதுக்குள்ளை ஒரு படமும் இல்லை. வெறும் கண்ணாடி!"

"ஐயா! திறக்கக் கூடாது!"

"அதுதான் மற்றதையும் திறந்து பாத்தனான். அதுவும் வெறுங் கண்ணாடிதான்."

நாலு இரண்டாகியது. மீதி இரண்டையும் கோட்டுக்குள் வைத்துக் கழுத்துவரை தெறி பூட்டிக்கொண்டேன்.

பந்தலுக்குள் போய்க் கமராவை முக்காலியில் ஏற்றினேன். கறுப்புத் துணியை எடுத்துத் தலையில் போட்டேன். அவ்வளவுதான்!

"ஐயையோ! கறுப்பு!"

கத்தியது பரிமளத்தின் சின்னம்மா. மேலே சலவை செய்கிற கட்டாடி பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டியிருக்கிறார், கீழே கோலம், நடுவில் நான் கறுப்பை மூடிக்கொண்டு நிற்கிறேன். எந்த மங்கல வீட்டில்தான் பொறுப்பார்கள்?

"துணி இல்லாட்டி எனக்குக் கமராக் கண்ணாடியிலை ஒண்டும் தெரியாது அக்கா. இருட்டு வேணும்."

"இருட்டுத்தானே வேணும்? பொறும்!"

உள்ளே போனவர் அரக்குப் பட்டுச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து என் தலையில் போட்டு, முக்காலியையும் சேர்த்துச் சுற்றிவிட்டார். நல்ல தடிப்பான சேலை. இருட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் அவர்களில் ஒரு மனிசி சொன்னது சேலைக்குள் எனக்குத் தெளிவாய்க் கேட்டது.

"ஆரடி அது, மணவறைக்கு முன்னாலை குனிஞ்சு நிக்கிற மனிசி? காலைப் பாரன், சப்பாத்து!"

தாலி கட்டுகிற நேரம். கெட்டிமேளம்! மேளக்காரர் என் காதோடு காதாய் நின்று அடித்தார். திடுக்கிட்டுப்போய், தகட்டுக்கு மூடியைப் போட மறந்து வெளியே இழுத்துவிட்டேன். தகடு முழுக்க வெளிச்சம் குடித்துவிட்டது.

இனி ஒன்று.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. பரிமளத்தின் தாய் பந்தல் காலடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு படம் போதும்" என்று அவர் சொன்ன நேரம் நான் சிரித்தவன். இப்போது என்னிடம் இருந்ததும் ஒன்றே ஒன்றுதான். வெட்கமாய் இருந்தது.

தூறல் விட்டது. மேகம் விலகி வெயில் எறித்தது. முற்றத்தில் இரண்டு கதிரை போட்டு மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் இருத்தினோம். மாப்பிள்ளை அமைதியான மனிதர், இருத்தின இடத்தில் இருந்தார். பரிமளம் தலையைக் குனிந்தது குனிந்ததுதான். எனக்குத் தெரிந்தது நெற்றிப்பட்டமும் கொண்டை மாலையும்.

"பிள்ளை, கொஞ்சம் நிமிருங்கோ. அண்ணைக்கு முகம் தெரியவேணும்."

சின்னம்மா சீறினார். "புதுப்பொம்பிளை அண்ணாந்து பாக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?"

தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அண்ணன் வரவில்லை என்ற கடிதம் வந்த நாளிலிருந்து பரிமளம் ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை என்று காலையில் என்னிடம் சொன்னவர் அவர். அந்தக் குனிந்த தலைக்குள் வெட்கம் எவ்வளவு, கவலை எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

பெரியப்பா இடையில் புகுந்தார்.

"விடுங்கோ, நான் பாக்கிறன். மலாயாவுக்குப் போற படம். நான் பாத்துச் சரி சொல்லாமல் எடுக்க ஏலாது."

சேலைக்குள் தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஐயோ! பிள்ளையள் ரெண்டும் தலைகீழாத் தொங்குதுகள்!"

முற்றத்துச் சனம் கமராவைச் சூழ்ந்தது.

எல்லோரும் ஒரேயடியாய்க் கத்தினார்கள்! தாலி கட்டி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் தலைகீழோ? மாப்பிள்ளையின் தகப்பன் முன்னுக்கு வந்தார். தோட்டம் செய்து உரமேறிய மனிதர். அவர் கையைப் பார்த்துவிட்டு நான் இரண்டடி பின்னுக்குப் போனேன்.

"தம்பி, என்ரை பெடியன் தலைகீழா மலாயாவுக்குப் போகமாட்டான். சொல்லிப்போட்டன்."

"ஐயா, இந்தக் கண்ணாடியிலை அப்பிடித்தான் தெரியும். கழுவி எடுத்தால் நேராகிடும்."

"கழுவினால் எப்பிடி நேராகும்? அழுக்குத்தானே போகும்?"

பெரியப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வருவது முகத்திலேயே தெரியும், புருவம் இரண்டும் மேலே போய்விடும்.

"தம்பி, உம்மடை கமராவைக் கவிட்டு வையும். தலைகீழ் தலைகீழானால் நேர்தானே?"

நான் என்ன செய்திருக்கவேண்டும்? முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். கொழும்பில் படித்த மனிதன் அல்லவா! ஆனால் ஒரு கணம் எனக்கே அது சரி போலப் பட்டது. கமராவைக் கழற்றி, ஒரு கதிரையில் கவிழ்த்துவைத்து, சேலையை மூடிக்கொண்டு பார்த்தேன்.

அப்போதும் தலைகீழாய்த்தான் இருந்தார்கள்.

பெரியப்பாவும் பார்த்தார். "கவிட்டாலும் நிமிருதுகள் இல்லை. இது கமராவின்ரை பிழை இல்லை. நேரத்தின்ரை பிழை."

அவ்வளவுதான், தாய் விம்மத் தொடங்கிவிட்டார். வெயில் வேறு மேகத்துக்குள் போவதும் வருவதுமாய் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கமராவைத் திரும்ப முக்காலியில் பூட்டினபடி வெடுக்கென்று சொன்னேன்.

"அப்ப நீங்கள் தலைகீழா நிண்டு பாருங்கோ ஐயா. நேராத் தெரியும்!"

நக்கலுக்குச் சொன்னேன். பெரியப்பா நக்கல் தெரியாத மனிதர்.

"முக்காலியைப் பதிச்சு வையும்," என்றார். முக்காலியின் கால்களைக் குறைத்துக் கமராவைத் தாழ இறக்கினேன்.

வேட்டியைக் கொடுக்காய்க் கட்டினார். கமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவாலே தலையைக் கொடுத்தார். சின்னம்மா ஓடிவந்து சேலையால் அவரை மூடிவிட்டார்.

சேலைக்குள்ளிருந்து ஒரு கூச்சல்.

"நிமிந்திட்டினம்! ரெண்டு பேரும் நிமிந்திட்டினம்! வடிவா இருக்கினம்!"

முற்றமே சந்தோசத்தில் எழும்பியது. யாரோ மேளக்காரருக்குக் கை காட்ட, அவர் ஒரு முழக்கு முழக்கினார். எனக்கும் உயிர் வந்தது. வெயில் போக முதல் எடுத்துவிடவேண்டும்! கடைசித் தகட்டைச் செருகினேன். மூடியை இழுத்தேன். அமுக்கினால் படம் விழுகிற ரப்பர்ப் பந்தைக் கையில் பிடித்தேன். இனிப் பந்தை அமுக்கவேண்டியதுதான் மிச்சம். பரிமளம் மட்டும் இன்னும் நிமிரவில்லை.

"பிள்ளை... ஒருக்கா..."

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தகப்பன், "சம்பந்தி, எனக்கு விளங்கேல்லை. எப்பிடிக் குனிஞ்சு பாத்தனீங்கள்?" என்று கேட்டார்.

கேட்டால் பெரியப்பா சும்மா இருப்பாரா?

"இஞ்சை பாருங்கோ, இப்பிடி!"

நேரே கமராவுக்கு முன்னால் வந்தார். மாப்பிள்ளையின் கதிரைக்கு முன்னால் நின்றார். கமராவுக்கு முதுகைக் காட்டினார். குனிந்தார். காலுக்கு நடுவாலே தலையைக் கொடுக்கப் போக, தலைப்பாகை கழன்று உருண்டு பரிமளத்தின் காலடியில் போய் நின்றது.

பரிமளம் நிமிர்ந்தாள்.

நிமிர்ந்து, பெரியப்பாவைப் பார்த்து, புதுப்பொம்பிளை என்பதையும் மறந்து, வாயைத் திறந்து சிரித்தாள். அடக்க ஏலாத சிரிப்பு. பல்லெல்லாம் தெரிந்தது!

என் கை பயத்தில் அமுக்கியதா, சந்தோசத்தில் அமுக்கியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அமுக்கிவிட்டது.

ஊர்காவற்றுறைக்கு வந்து இருட்டறையில் தகட்டைக் கழுவினேன். படம் அருமை! பரிமளத்தின் முகம் ஒரு குறையில்லாமல் விழுந்திருந்தது. பக்கத்தில், மாப்பிள்ளை இருக்கவேண்டிய இடம் முழுவதும், பெரியப்பாவின் பின்பக்கம். அதுவும் அவ்வளவு துல்லியம், வேட்டிக் கரையை எண்ணலாம். மாப்பிள்ளையில் எஞ்சியது தலைப்பாகையின் குஞ்சம் மட்டும்.

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசல் பக்கமாய் நின்றுகொண்டேன். சின்னம்மா, "பல்லைக் காட்டிக்கொண்டு! இதை ஆருக்கும் காட்டாதேங்கோ!" என்றார். பெரியப்பா படத்தை நேராய்ப் பிடித்தும் தலைகீழாய்ப் பிடித்தும் பார்த்துவிட்டு, "இது ஆர் முன்னுக்கு நிக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் அவருடைய வேட்டிக் கரையைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை மட்டும், "அனுப்புங்கோ மாமி. நான் எங்கை போகப் போறன்? மச்சான் வரேக்கை என்னை நேரிலை பாக்கட்டும்," என்றார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

மாசி போய்ப் பங்குனியும் பாதி போய்விட்டது. ஒருநாள் பரிமளத்தின் தாய் கடைக்கு வந்தார். கையில் மலாயாக் கடிதம். நான் இருட்டறைக்குள் ஒளிக்கப் பார்த்தேன், விடவில்லை.

"தம்பி, வாசியும்."

வாசித்தேன்.

"அம்மா, படம் கிடைச்சது. எல்லாரும் உம்மெண்டு இருக்கிற கலியாணப் படங்கள்தான் நான் இஞ்சை கண்டிருக்கிறன். தங்கச்சி போற இடத்திலை சந்தோசமா இருப்பாளோ எண்டு எனக்கு ஒரே யோசினை. இப்ப இல்லை. படத்தைக் கட்டில் தலைமாட்டிலை வைச்சிருக்கிறன். இப்பிடிச் சிரிக்க வைக்கிற வீடு நல்ல வீடுதான். மாப்பிள்ளையை வந்து பாக்கிறன். பெரியப்பாவை முகம் தெரியாட்டிலும் கண்டவுடனை ஆரெண்டு மட்டுக்கட்டிட்டன். சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ."

தாய் அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது?

அன்றிலிருந்து எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், பெட்டியைத் திறக்க முதல் பெரியப்பா யாரென்று விசாரித்து, அவருக்குக் கமராவுக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டுவிடுகிறேன்.