ஈரத்துணிக்காரரும் மூன்று பலகைகளும்

மதுரையில் வார்னிஷ் பூசும் ஈரத்துணிக்காரர் துடைத்துப் பார்க்காத மரம் கிடையாது. ஆபீஸ் மேஜையோ, கல்யாண மண்டபத்துக் கதவோ, தோளில் கிடக்கும் ஈரத் துண்டால் ஒரு இழுப்பு இழுப்பார். வார்னிஷ் பட்டால் என்ன நிறம் வரும் என்பதை நனைத்த மரமே சொல்லிவிடுமாம். துக்கம் கேட்கப் போன வீட்டில் நாற்காலியைத் துடைத்துப் பார்த்து, "அசல் தேக்குண்ணே" என்று இறந்தவரின் மகனிடம் சொன்னவர். மகன் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டார்.

அவரை நானும் கூப்பிட நேர்ந்தது. சிம்மக்கல்லில் எங்கள் மாடி அறைக்குப் பலகைத் தரை. மழை ஒழுகி மக்கிப்போன மூன்று பலகைகளை மாற்றியிருந்தேன். பார்வை மங்கிவரும் என் மனைவிக்கு, கறுத்த தரையின் நடுவே வெளிறிக் கிடந்த அந்த மூன்றும் ஒரு படி போலத் தெரிந்தன. வருவாள், காலால் தடவுவாள், திரும்பிவிடுவாள். அவளுடைய ரேடியோவும் ஜன்னலோர நாற்காலியும் அந்தப் பக்கம் இருந்தன. இந்தப் பக்கம் கொண்டுவரட்டுமா என்றேன்.

"இன்னைக்கு நாற்காலி. நாளைக்கு வீட்டையே சுருக்கிருவீங்களா?" என்றாள்.

நான் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன். முறைப்படி வார்னிஷ் நிற அட்டை வாங்கி, பொருத்தமான எண்ணில் டிக் போட்டு நீட்டினேன். ஈரத்துணிக்காரர் அதை வாங்கி விசிறிக்கொண்டார்.

"அக்கா எத்தனை மணிக்கு இங்கிட்டு வருவாக?"

"காலையில பத்துக்கு. அதுக்கும் வார்னிஷுக்கும் என்னய்யா?"

"பத்து மணி வெளிச்சத்துல நடக்குறவகளுக்குப் பத்து மணிக்குத்தான சார் கலர் பாக்கணும்."

நான் விடவில்லை. எண்ணைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பூச்சு காய்ந்ததும் பலகைகள் கன்னங்கரேல் என்றாகிவிட்டன. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"முன்னாடி படி. இப்ப பள்ளம்."

"என்னய்யா அடிச்சே?" என்றேன்.

"நீங்க எழுதிக் குடுத்த நம்பருதான் சார். அம்புட்டுப் படிச்சவுக, மனசு நோகக் கூடாதுல்ல."

அத்தனையையும் அவரே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தெடுத்தார். பிறகு தினமும் பத்து மணிக்குப் பத்தே நிமிஷம் வேலை. மிச்சமிருந்த பலகைத் துண்டுகளில் விதவிதமாகப் பூசி, காயவைத்து, பழைய தரைமேல் பரப்புவார். ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, அதன் வழியே பார்த்தபடி நடப்பார்.

"அக்கா கண்ணுக்கு இப்படித்தான சார் தெரியும்?"

இரண்டு முறை பீரோவில் முட்டிக்கொண்டார்.

கடைசிப் பூச்சு காய்ந்த பிறகு ஒரு நாள், சிலிண்டர் இன்னும் வரவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டே மனைவி உள்ளே வந்தாள். திட்டு நிற்கவில்லை, காலும் நிற்கவில்லை. மூன்று பலகைகளையும் கடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகினாள்.

நான் வாயைத் திறந்தேன். ஈரத்துணிக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சொல்லிராதீங்க சார். தாண்டிட்டோம்னு தெரிஞ்சா நாளைக்குக் கீழ பாத்துருவாக."

வாராவாரம் இந்தப் பத்திரிகையை, விளம்பரம் உட்பட, அவளுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. இது அச்சாகியிருக்கும் இந்த வாரம் மட்டும் புத்தகம் வரவில்லை என்று சொல்லப்போகிறேன். ஈரத்துணிக்காரர் உத்தரவு.