பல்லேகலையில் ஒதுக்கி வைத்த இரண்டு பேர்

கண்டி,
10.04.2007

பேரன்புள்ள ஸ்ரீஸ்கந்தராசா அத்தானுக்கு, மைத்துனன் வீரசிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் லீலாதேவியும் சுகம். கொழும்பில் நீங்களும் அக்காவும் அவ்வாறே இருக்க நல்லூரான் துணை. என்னைப் பொலிஸ் பிடித்துவிட்டதாக உங்களுக்கு யாரோ தொலைபேசியில் சொன்னார்களாம். பிடித்தது உண்மை. விட்டதும் உண்மை.

எங்கள் வங்கியின் பெரிய கம்ப்யூட்டர் பல்லேகலையில் இருப்பது தெரியும்தானே? பார்வைக்கு ஒரு மெஷின், உள்ளே பல பார்ட்டிஷன்களாகப் பிரித்து, மூளை மாதிரியான புரொசஸர்களை ஒவ்வொன்றுக்கும் பங்கிட்டிருக்கிறோம். போன சித்திரைப் புத்தாண்டுக்குச் சனம் காசெடுக்கக் குவிந்ததில், காசு இயந்திரங்களைக் கவனிக்கும் பார்ட்டிஷன் திணறி நின்றுவிட்டது. இம்முறை நெரிசல் வந்தால் ஒன்றையும் நிறுத்தாமலே இரண்டு புரொசஸரைச் சேர்ப்போம் என்றார் மேலாளர் லாபிர். ஆனால் அந்த இரண்டுக்கும் இடத்தைப் பார்ட்டிஷனைத் தொடங்கும்போதே ஒதுக்கிவிட வேண்டும்; மறந்தால் எல்லாவற்றையும் அணைத்துத்தான் சேர்க்கலாம். இதையெல்லாம் ஆங்கிலத்தில் விபரமாக எழுதி, 'பார்ட்டிஷன் பிளான்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பும் போட்டு, பையில் வைத்துக்கொண்டு பல்லேகலைக்குப் பஸ் ஏறினேன். யுத்த காலத்தில் ஒரு தமிழனின் பையில் இருக்கக்கூடிய தலைப்பா அத்தான் அது?

வழியில் பொலிஸ் சோதனைச் சாவடியில் என்னை இறக்கிவிட்டார்கள். அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"பார்ட்டிஷன்? நாட்ட பிரிக்கிறதா?"

"இல்லை சேர், கம்ப்யூட்டரை."

"ரிசர்வ் ரெண்டு... யார் அந்த ரெண்டு பேர்?"

"ஆக்கள் இல்லை சேர், புரொசஸர்."

"எங்க இருக்கிறது?"

"பல்லேகலையில சேர். இப்ப சும்மா இருக்கினம். நாங்கள் கூப்பிடேக்கைதான் வருவினம்."

பயத்தில் நாக்கு புரொசஸருக்கும் மரியாதை கொடுத்து, ஆக்களைப் போலவே பேசிவிட்டது. அவ்வளவுதான், தோளில் துவக்கு மாட்டிய காவலர் இருவர் என்னை வாங்குப் பலகையில் இருத்தி இரண்டு பக்கமும் நின்றார்கள். லீலாதேவிக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

மத்தியானம் செய்தி கேட்டு லாபிர் ஓடி வந்து சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். போன புத்தாண்டு என்றதும் அதிகாரியின் முகம் மாறியது. அவரும் மனைவி பிள்ளைகளோடு வரிசையில் நின்று, காசு வராமல் வெறுங்கையோடு திரும்பியவராம்.

"ரெண்டு போதாது, நாலு போடுங்க!" என்று சொல்லிப் பிளேன்டீயும் தந்து அனுப்பினார்.

ஞாயிறன்று பார்ட்டிஷனைத் தொடங்கும்போதே இடம் ஒதுக்கி, பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்தோம். ஒன்றையும் அணைக்கவில்லை; மெஷின் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏற்றுக்கொண்டது. லாபிர் என்னைக் கட்டிப்பிடித்தே விட்டார். இனிக் கண்டிச் சனம் முழுவதும் ஒரேயடியாக வந்தாலும் கவலையில்லை.

அக்காவுக்கு அன்பும், பிறக்கும் புத்தாண்டில் உங்கள் வீட்டில் சகல நலமும் பெருக எங்கள் பிரார்த்தனையும்.

இப்படிக்கு,
வீரசிங்கம்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடப் பிந்திவிட்டது. புத்தாண்டுக்கு முதல்நாள் பட்டணத்தில் குண்டு என்று ஒரு பொய்க்கதை கிளம்ப, கடையெல்லாம் பூட்டி, சனம் வீட்டுக்குள் போய்விட்டது. காசெடுக்க ஒரு குருவிகூட வரவில்லை. "எல்லாத்துக்கும் ரிசர்வ் போட்டோம் வீரசிங்கம், சனத்துக்குப் போட மறந்துட்டோமே" என்கிறார் லாபிர்.